அன்றைக்கு மாமா எங்கே இருந்தார்

ஜூலை 1, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். கடைக்குள் எல்லாம் நமுத்துக் கிடக்கிறது. ஜெராக்ஸ் மிஷினுக்குள் தாள் இரண்டு இரண்டாகப் போய் மாட்டிக்கொள்கிறது. கட்டைப் பிரித்து பல்புக்கு அடியில் பரத்தி வைத்தேன். பிரயோஜனம் இல்லை.

வாங்க வேண்டியது: டோனர், ஏ4 இரண்டு கட்டு, அம்மாவுக்கு பி.பி. மாத்திரை, கொசுவத்தி.

மதியம் காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர், ரெக்கார்டுக்கு ஸ்பைரல் போட. ஒருத்தி கையில் போன், சத்தமாக. திகில் படத்துக்குப் போடுகிற மாதிரி மியூசிக். "குற்றாலம் அருவிக்கரையில் காணாமல் போன ஆறு வயதுச் சிறுமி..."

என் கை நின்றுவிட்டது.

"ஏட்டி, இது நம்ம மெயின் ஃபால்ஸ்லா?"

"ஆமாட்டி. அந்தப் பிள்ள கதையச் சொல்லிச் சொல்லித்தான் எங்கம்மா எங்கள அங்கன தனியா விடவே மாட்டா."

"யாரு செஞ்சதாம்?"

"தாய்மாமன்னு சொல்லுதாங்க. கடைசி வரைக்கும் பாரு."

ஸ்பைரல் போட்டுக் கொடுத்தேன். தேங்க்ஸ் ஆன்ட்டி என்று போனார்கள்.

என் தங்கை ஜெயா. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஊரில் பிள்ளைகளை அதட்ட இன்னும் உபயோகப்படுகிறாள்.

ஜூலை 2, புதன்

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு முழுதும் பார்த்தேன்.

சென்னைப் பையன்கள் இரண்டு பேர், கறுப்புச் சட்டை. ஜெ. போட்டோ என்று வேறு ஏதோ ஒரு பிள்ளையைக் காட்டுகிறார்கள். அந்த வருஷம் ஜெ.வுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. இந்தப் பிள்ளைக்கு வாய் நிறையப் பல். கம்ப்யூட்டர் வரைந்ததாக இருக்கும்.

சரியாகச் சொன்னது: சீசன் நேரம். ஞாயிற்றுக்கிழமை. குடும்பமாக வேனில் போனது. பெண்கள் உடை மாற்றும் இடத்துக்கு வெளியே, கூட்டத்தில் பிள்ளை காணாமல் போனது. நாலாம் நாள் தோப்புக் கிணறு. கழுத்துச் செயின் அப்படியே இருந்தது, அதனால் நகைக்காக இல்லை. யாரோ கொண்டுபோய்க் கொன்றிருக்கிறார்கள் என்பதோடு கேஸ் முடிந்தது. யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

தப்பாகச் சொன்னது: அப்பா குடிகாரர் என்று. அப்பா காப்பியைத் தவிர எதையும் தொட்டதில்லை. வீட்டில் மூன்று பிள்ளைகள் என்று. இரண்டு. பிறகு ஒன்று.

சொல்லாமல் விட்டது: போலீஸ் முதலில் பிடித்துக்கொண்டு போன கடலைக்காரர். அவர் இல்லை என்று தெரிந்து வெளியே விட்டபோது அவருக்கு ஒரு கால் சரியாக ஊன்ற முடியாது. அடுத்த சீசனுக்கு அவர் வரவில்லை. அவருக்கெல்லாம் யார் மியூசிக் போடுவார்கள்.

கடைசியில் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு பழைய போலீஸ்காரர். "எல்லாத்தையும் விசாரிச்சோம். தாய்மாமன் அன்னைக்கு மத்தியானம் எங்க இருந்தாருன்னு மட்டும் யாரும் கேக்கல. துக்க வீட்டுல போயி எப்படிக் கேக்கதுன்னு விட்டுட்டாவ." உடனே அந்தப் பையன் கேமராவைப் பார்த்து, அந்தத் தாய்மாமன் இன்று திருநெல்வேலி ரோட்டில் ஓர் ஊரில் பெரிய வியாபாரி என்கிறான்.

பெயர் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஒரே தம்பி, தங்கராஜ் மாமா. ஆலங்குளத்தில் ஹார்டுவேர் கடை.

கீழே கமென்ட். 'நடுரோட்டுல தூக்குல போடணும்.' 'பார்ட் 2 எப்ப ப்ரோ.' ஒருவர் அழுகிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு, 'இப்ப குற்றாலத்துல தண்ணி எப்படி விழுது, ஃபேமிலியோட வரலாமா' என்று கேட்டிருக்கிறார்.

ஜூலை 4, வெள்ளி

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா காய்ச்சல் விசாரிக்க வந்த சாக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அம்மாவுக்குக் காய்ச்சலே இல்லை.

நான் வரும்போது அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மெர்ஸி, போன்ல தம்பியப் பத்திப் போட்டிருக்கானாமே."

"ஆமா."

"பேரு சொல்லிருக்கானா?"

"இல்ல."

"ஷைனி பேரு?"

"அவ எதுக்கும்மா அதுல?"

"கேட்டேன்."

ஷைனி மாமாவின் கடைசி மகள். அச்சன்புதூரில் மாப்பிள்ளை முடிவாகி, ஆகஸ்டில் கல்யாணம். அம்மாவின் கவலை அங்கே நிற்கிறது. ஜெ.வைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவரைக்காய்ப் பொரியலில் உப்பில்லை. இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

சர்ச். எங்கள் பெஞ்சில் எங்களுக்கு மட்டும் தாராளமாக இடம். எப்போதும் நெருக்கிக்கொண்டு உட்காருகிறவர்கள் இன்று தூணுக்கு அந்தப் பக்கம்.

ஆராதனை முடிந்ததும் சபை போதகர் ஐயர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெபத்துல வச்சிருக்கோம் அம்மா" என்றார்.

"எதுக்கு?" என்றாள் அம்மா.

அவர் அடுத்த பெஞ்சுப் பக்கம் நகர்ந்துகொண்டார். பாவம், புதுசாக வந்தவர்.

ஜூலை 7, திங்கள்

சாரல் விட்டு விட்டு. கரண்ட் இல்லை. மிஷின் ஓடாததால் கடை காலி. அப்போது பார்த்து ஷைனி வந்தாள், பேங்கிலிருந்து நேராக. கழுத்தில் ஐ.டி. கார்டைக்கூடக் கழற்றவில்லை.

"அவிய வீட்ல கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்பம்னு சொல்லுதாவ மைனி."

"யாரு, மாப்பிள்ளையா?"

"அவரு நல்லாத்தான் பேசுதாரு. அவங்கம்மாதான். நாளைக்கு நம்ம வீட்லயும் ஒரு பேத்தி பொறக்கும்லா, அவ தாத்தா வீட்டுக்குப் போவணும்லான்னு கேட்டாவளாம்."

ஸ்டூலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "மைனி, நீங்க அன்னைக்குக் கூட இருந்தியள்லா. எங்கப்பாவா?"

"இல்லட்டி" என்றேன். ஆனால் சட்டென்று வரவில்லை. கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தது. அந்தத் தாமதத்தை அவள் பார்த்துவிட்டாள்.

போன பிறகு பழையதெல்லாம். என்னைப் பெண் பார்க்கவும் வந்தார்கள், சுரண்டையிலிருந்து, கடையநல்லூரிலிருந்து. எல்லாம் பேசி முடித்து, கிளம்பும்போது யாராவது வாசலில் வைத்து ஏதாவது சொல்லிவிடுவார்கள். சுரண்டை அம்மாள் ஒருத்தி காப்பியைக் குடித்துவிட்டு நேராகவே கேட்டாள், "ஒரு பிள்ளையப் பத்திரமா வச்சிருக்கத் தெரியாத வீட்ல பொண்ணெடுத்தா எப்படி?" அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பிறகு யாரும் வரவில்லை. நானும் எதிர்பார்க்கிறதை நிறுத்திக்கொண்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

எனக்குப் பதினோரு வயது. மாமாவுக்கு இருபத்து மூன்றோ நாலோ. அவரும் எங்கள் வேனில்தான் வந்தார். அருவிக்கு வரவில்லை. சளி பிடித்திருக்கிறது, நீங்கள் குளியுங்கள் என்றார். நாங்கள் குளித்துவிட்டு வந்தோம். அம்மா ஒரு கையில் ஜெ.வைப் பிடித்திருந்தாள், மற்ற கையில் ஈரத்துணி. எனக்குத் துண்டு கட்டிவிடத் திரும்பினாள். பிறகு ஜெ. இல்லை.

அப்பா தேடினார். வேன் டிரைவர் தேடினார். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், பழக்கடைக்காரர்கள், முன்பின் தெரியாதவர்கள் எல்லாரும் மழையில் கத்திக்கொண்டே ஓடினார்கள். மாமா மட்டும் இல்லை. விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். அன்றைக்குக் குற்றாலத்தில் நனையாத ஆள் கிடையாது. அவர் சட்டை காய்ந்திருந்தது. தேய்த்த மடிப்புக்கூடக் கலையவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் சகதியிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். அந்த அழுகை பொய் இல்லை. அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்க முயற்சிக்கிறேன்.

அப்பா போனபோது சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர் மாமா. இந்தக் கடை ஷட்டர், ஷெல்ஃப், போர்டு எல்லாம் மாமா முன்னின்று போட்டுக்கொடுத்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கும் அம்மாவுக்கும் சேலை. சேலையைப் பிரிக்கும்போதெல்லாம் அந்தச் சட்டை ஞாபகம் வரும். யாரிடம் போய்ச் சொல்வது.

ஜூலை 9, புதன்

வீடியோவை எடுத்துவிடச் சொல்லி அவர்கள் சேனலுக்கு எழுதி, கடை நம்பரும் போட்டிருந்தேன். அந்தப் பையன்களில் ஒருவன் இன்று கூப்பிட்டான்.

"அக்கா, உங்க பெயின் எங்களுக்குப் புரியுது. பார்ட் டூல நீங்களே வந்து பேசுனீங்கன்னா செமயா ரீச் ஆகும்."

"ஒரு பிள்ளைக்குக் கல்யாணம் நின்னு போவப் போவுது தம்பி. எடுத்துருங்க."

"நாங்க யார் பேரையும் சொல்லலையேக்கா."

"எல்லாருக்கும் தெரியுதே."

"அப்ப உங்க தங்கச்சிக்கு நியாயம் கிடைக்க வேணாமா?"

போனை வைத்துவிட்டேன். கோபத்தில் ஒரு ஆதார் கார்டைத் தலைகீழாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, அந்த அண்ணாச்சியிடம் ஏச்சு வாங்கினேன்.

வேண்டும். நியாயம் வேண்டும். இத்தனை வருஷத்தில் அப்படி என்னிடம் கேட்ட முதல் ஆள் இவன்தான், அதுதான் எரிச்சல்.

ஜூலை 11, வெள்ளி

காலையில் அம்மா குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, பைபிள் பையோடு வாசலில் நின்றாள். "ஆட்டோ கூப்பிடு. அச்சன்புதூர் போவணும்."

"எதுக்கு?"

"நீயும் வா."

வழியெல்லாம் வயலில் தண்ணீர். நடவு முடிந்த பச்சை. அம்மா வெளியே பார்க்கவே இல்லை.

மாப்பிள்ளை வீடு பெரிய வீடு. மாப்பிள்ளையின் அப்பா மிலிட்டரியில் இருந்தவர். "வாங்கம்மா" என்று எழுந்து நின்றார். அவர் சம்சாரம் சமையலறை வாசலில் நின்றபடி என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். காப்பி வந்தது. அம்மா தொடவில்லை.

"செத்துப்போன பிள்ளையப் பெத்தவ நான்தான்" என்றாள். "நேர்லயே சொல்லிட்டுப் போவம்னு வந்தேன்."

"ஐயோ, நாங்க ஒண்ணும் சொல்லலையேம்மா. ஊருல பேசுதாங்க, நாங்க என்ன செய்ய?" என்றார் அவர்.

"ஊரு அன்னைக்கு அங்கன இல்ல. நான் இருந்தேன். காலையிலேருந்தே எனக்கு வயித்துவலி. வேன்லயே படுத்துக்கிடந்தேன். எனக்குத் துணைக்கு எந்தம்பியும் வேன்லதான் இருந்தான். அந்தால இந்தால நகரல. பிள்ளையக் குளிக்கக் கூட்டிட்டுப் போனது இவதான். எம் மூத்தவ."

எனக்கு முதலில் புரியவில்லை. யாரோ வேறு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது. பிறகு அந்த வீடே என்னைப் பார்த்தது.

சமையலறை வாசலிலிருந்து அந்த அம்மாள் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். "அப்ப நீங்கதான் பிள்ள கூட இருந்தியளா?"

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. மடியில் பைபிள் பை. அதன் வாரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

இல்லை என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே உடைந்திருக்கும். மாமா, ஷைனி, அம்மா, எல்லாம்.

"ஆமா" என்றேன்.

"கைய விட்டுட்டியளோ?"

"ஆமா."

அந்த அம்மாள் உச்சுக் கொட்டினாள். "சின்னப் பிள்ளைட்ட ஒரு சின்னப் பிள்ளைய விட்டா வேற என்ன நடக்கும்" என்றாள். முகத்தில் ஒரு நிம்மதி. மிலிட்டரிக்காரர் எழுந்து அம்மாவிடம், "இவ்வளவு தூரம் வந்து சொல்லிட்டிய. இதுக்கு மேல எங்களுக்கு என்னம்மா வேணும்" என்றார்.

அப்போதுதான் அம்மா காப்பியை எடுத்துக் குடித்தாள்.

அதே நாள், சாயங்காலம்

ஆட்டோவில் டிரைவருக்குக் கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"பிள்ளையக் கையில பிடிச்சிருந்தது யாரும்மா?"

"நான்தான்."

"அப்புறம்?"

"உனக்கு அப்ப பதினோரு வயசு. உன்ன யாரு என்ன சொல்லப் போறா?"

"இப்ப எனக்குப் பதினோரு வயசு இல்ல."

அம்மா சேலையை மாற்றிக்கொண்டே சொன்னாள்: "உனக்கு இனி என்னட்டி கெடப் போவுது?"

குரலில் கோபம் இல்லை. கேலி இல்லை. கடையில் இனி என்ன இருக்கிறது என்று கேட்பது போல.

மாமா மகளுக்காக இத்தனை வயதில் ஆட்டோ ஏறிப்போய்ப் பொய் சொல்ல முடிகிறது. எனக்காக ஒரு பொய் சொன்னதில்லை. சுரண்டை அம்மாளிடம் அன்றைக்கு ஏதாவது ஒன்று சொல்லியிருக்கலாம். டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

சாப்பிடவில்லை. இரண்டு பேரும்.

ஜூலை 16, புதன்

கடையில் கேட்டது, ஒரு அக்காவும் இன்னொரு அக்காவும்:

"தாய்மாமன் இல்லையாம்பா. அவரு வேன்லயே இருந்தாராம்."

"அப்ப?"

"அக்காகாரிதான் கூட்டத்துல கைய விட்டுட்டாளாம். வேடிக்க பாத்துட்டு நின்னிருப்பா."

நான்தான் என்று அவர்களுக்குத் தெரியாது. ரேஷன் கார்டு, முன்னும் பின்னும், இரண்டு காப்பி.

எஸ்தர் அக்கா வாசலில் நிறுத்தி என் கன்னத்தைத் தடவினாள். "நீ சின்னப் பிள்ளதான மெர்ஸி. இத்தன வருஷமா மனசுலயே வச்சிருந்திருக்கியே. ஆண்டவரு மன்னிச்சிருவாரு."

செய்யாததற்கு மன்னிப்பும் வந்துவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

ஆலங்குளத்தில் சர்ச்சில் கல்யாண அறிவிப்பு வாசித்தாயிற்று என்று ஷைனி போன் செய்தாள். ஒரே அழுகை. "மைனி, உங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன்." அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று தெரியவில்லை. கேட்கவில்லை.

நல்ல பிள்ளை. அவள்மேல் ஏன் கோபம் வருகிறது என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 28, திங்கள்

வெயில். அருவியில் தண்ணீர் குறைந்துவிட்டதாம், கூட்டமும்.

மாமா கல்யாணக் கார்டு கொண்டுவந்தார். வீட்டுக்குப் போகுமுன் கடைக்கு. தனியாக. ரொம்ப ஒடுங்கிவிட்டார், சட்டை தோளில் தொங்குகிறது. ஸ்டூலில் உட்கார்ந்து கார்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"அக்கா அங்க போயி என்ன சொன்னான்னு கேள்விப்பட்டேன். நீயும்..."

"மாமா, அன்னைக்கு எங்க இருந்திய?"

இவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வரும் என்று நினைக்கவில்லை. மாமா தெருவில் போன பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"செங்கோட்டையில. சினிமாவுக்குப் போயிருந்தேன்."

"தனியாவா?"

"ஒரு பிள்ளை கூட. டைப்ரைட்டிங் படிச்சிட்டு இருந்தா. வேற ஆளுங்க. தெரிஞ்சா அவளக் கொன்னுருப்பாவ. உங்க கூட வேன்ல வந்ததே அதுக்குத்தான். படம் பாத்துட்டு, அவள வழியனுப்பிட்டு, பஸ்ஸப் பிடிச்சு வாரேன், இங்கன பிள்ளையக் காணும்." உள்ளங்கையால் முகத்தை அழுத்திக்கொண்டார். "பிள்ள கத்திருப்பால்லா. நான் முறுக்குத் தின்னுட்டு சிரிச்சிட்டு உக்காந்திருக்கேன். இத எந்த வாயால சொல்ல?"

"அவங்க இப்ப?"

"புனலூர்ல இருக்கா. பேரன் பேத்தி எடுத்திருப்பா. பேரு ஊரு எல்லாம் சொல்லுதேன். போயி கேக்கியா?"

போய் என்னவென்று கேட்பது. பேரப்பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்திருக்கிறவளை வாசலுக்குக் கூப்பிட்டு.

"வேண்டாம்" என்றேன்.

"நம்புதியா?"

"நம்புதேன் மாமா."

நம்பினேன். அவர் தெருமுனை திரும்புகிறவரை. பிறகு, வழியில் பஸ்ஸ்டாண்டு, மழை, குடை இருந்ததா என்று கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. இப்படியே போகும், தெரியும். குடை இருந்தது என்று சொல்லியிருந்தால் அந்தக் குடை எங்கே என்று தோன்றும்.

ஜூலை 29, செவ்வாய்

அம்மாவோடு பேச்சை முறித்து நாளாகிறது. இன்று நானே ஆரம்பித்தேன்.

"மாமா அன்னைக்கு சினிமாவுக்குப் போனது உனக்குத் தெரியுமா?"

"எந்த சினிமா?"

"அப்ப ஒண்ணும் தெரியாமலா போயி அவ்வளவு சொன்ன?"

அம்மா மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். நிதானமாக.

"அவங்கிட்ட நீ கேட்டதே இல்லையா? ஒரு தடவகூட?"

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டான்னா?" என்றாள். "பிள்ள போயாச்சு. அவனும் போயிட்டா எனக்குன்னு யாரு இருக்கா?"

எதிரே நான் உட்கார்ந்திருந்தேன்.

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அவளாகவே சொன்னாள்: "அவன் செஞ்சிருந்தா ஆண்டவர் அவனக் கேக்கட்டும். செய்யலன்னா ஆண்டவர நான் கேட்டுக்கிடுதேன்."

டோனர் தீர்ந்துவிட்டது. திருநெல்வேலிக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஷைனிக்கு வெள்ளைப் பட்டு, தலை நிறைய மல்லிகை. அம்மா முதல் பெஞ்சில். மாமா சாப்பாட்டுப் பந்தியில் இலை இலையாக நின்று விசாரித்தார். பழைய மாமா மாதிரி. பிரியாணி, கத்தரிக்காய்க் கூட்டு, வெள்ளரிப் பச்சடி. நன்றாக இருந்தது.

வீடியோ இன்னும் இருக்கிறது. பார்ட் 2 வரவில்லை. பையன்கள் வேறு ஊரில் வேறு கேஸுக்குப் போய்விட்டார்கள்.

ஹாலில் மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளை ஒன்று, பூ தூவ வந்தது, ஐந்து ஆறு வயது. ஃபிராக்கில் பின்பக்க ரிப்பன் அவிழ்ந்து தரையில் இழுபட்டது. என் நாற்காலிக்கு முன்னால் வந்து தானாகவே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. "கட்டிவிடுங்க" என்றது. கட்டிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா அந்தப் பக்கம் நின்ற ஒரு பெண்ணின் காதில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் வேகமாக வந்தாள். பிள்ளையின் தாய். என்னைப் பார்த்துச் சிரித்தாள், மரியாதையாகத்தான். "நீங்க சிரமப்படாதிய அக்கா, நான் பாத்துக்கிடுதேன்." பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, அம்மா கைய விடாம நிக்கணும்னு சொன்னேன்லா?"

ரிப்பன் பாதி முடிச்சில் நின்றது.

கூட்டத்தைத் தாண்டி, படியிறங்கி, கார் வரை போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் கையை விடவே இல்லை. பிடித்த பிடியில் பிள்ளைக்கு வலித்திருக்கும்.

நல்லதுதான். பிடித்துக்கொள்ளட்டும்.